கணிதப் பௌதிகம் படிக்கலாமா?



நம் அறநிலையத்தின் கல்வி நிதிக்கு ஆண்டுதோறும் வரும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை மருத்துவம், சட்டம், பொறியியல், கணக்கியல் என்ற நான்கு துறைகளுக்குள் அடங்கிவிடும். அவற்றைப் படிக்கும்போது செயலவையில் யாரும் கேள்வி கேட்பதில்லை. இவ்வாண்டு வந்த ஒரு விண்ணப்பத்தில், "படிக்க விரும்பும் துறை" என்ற கட்டத்தில் "கணிதப் பௌதிகம்" என்று எழுதியிருந்தது. விண்ணப்பித்தவர் ஒரு மாணவி. யார் என்று சொல்வது முறையல்ல. "இது கணக்கா, பௌதிகமா?" என்று ஒருவர் கேட்டார். "இதைப் படித்துவிட்டு அந்தப் பெண் எங்கே போய் உட்காருவாள்?" என்று இன்னொருவர் கேட்டார். இரண்டும் நியாயமான கேள்விகள்தாம். பொதுமக்கள் உண்டியலில் போடும் பணத்தைப் பங்கிடுகிறவர்கள் அப்படிக் கேட்கத்தான் வேண்டும். நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியன் என்பதால் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். அரைமணி நேரம் பேசியும் என்னால் சொல்லி முடிக்க இயலவில்லை. மலர்க்குழுவினர், "அதையே எழுதிக் கொடுங்கள்" என்றார்கள். அந்த விண்ணப்பத்தின் முடிவு அடுத்த கூட்டத்தில். என் வாக்கு எந்தப் பக்கம் விழும் என்பதை நான் மறைக்கப் போவதில்லை.

முதலில் பெயர். பாடநூல்களில் இன்று இயற்பியல் என்கிறோம். என் ஆசிரியர்கள் பௌதிகம் என்றார்கள். அந்தச் சொல் என் நாக்கில் தங்கிவிட்டது. இளையோர் பொறுத்துக்கொள்ளவும்.

விளக்கு சொல்லும் பாடம்

கருவறைக்கு முன் சங்கிலியில் தொங்கும் தூக்கு விளக்கை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். எண்ணெய் விடும்போது கை பட்டால் அது மெல்ல ஆடும். சங்கிலியின் நீளம் 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒருமுறை போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும்? பள்ளியில் ஒரு வாய்பாடு சொல்லிக் கொடுக்கிறோம். நீளத்தைப் புவியீர்ப்பு முடுக்கமான 9.8-ஆல் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, இரண்டு பையால் பெருக்க வேண்டும். விடை 2.84 வினாடி. மாணவன் அதை எழுதி முழு மதிப்பெண் வாங்கிவிடுகிறான்.

அந்த வாய்பாட்டில் ஒன்று இல்லை என்பதைக் கூர்ந்து பார்த்தால் தெரியும். விளக்கு எவ்வளவு தூரம் ஆடுகிறது என்பது அதில் எங்குமே இல்லை. ஒரு விரல் அளவு ஆடினாலும் கூரையை நோக்கி வீசி ஆடினாலும் ஒரே நேரம்தானா? இல்லை. பத்துப் பாகை ஆட்டத்துக்கு வாய்பாடு ஏறக்குறையச் சரி. பிழை ஆயிரத்தில் இரண்டுதான். தொண்ணூறு பாகைக்கு இழுத்துவிட்டால் (கோயில் விளக்கில் செய்து பார்க்க வேண்டாம், அர்ச்சகர் கோபித்துக்கொள்வார்) நேரம் 18 விழுக்காடு கூடிவிடும். 2.84 வினாடி 3.35 வினாடி ஆகும்.

எதனால்? சமன்பாட்டில் கோணத்தின் 'சைன்' வருகிறது. சின்னக் கோணத்துக்குச் சைனும் கோணமும் ஏறத்தாழச் சமம் என்பதால், சைனை எடுத்துவிட்டுக் கோணத்தையே வைத்துக் கணக்கை எளிதாக்கிவிடுகிறோம். பள்ளிக்கு அது போதும். சைனை அப்படியே வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் ஒரு தொகையீடு வந்து நிற்கும். அதைச் சைன், கொசைன், மடக்கை என்று நாம் அறிந்த எந்தச் சார்பாலும் எழுத முடியாது. அதற்கென்றே ஒரு புதிய சார்புக் குடும்பத்தைக் கணித அறிஞர்கள் உருவாக்க வேண்டியிருந்தது.

கணிதப் பௌதிகம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. ஆய்வுக்கூடப் பௌதிக மாணவர் விளக்கின் ஆட்டத்தைக் கருவி கொண்டு அளப்பார். தூய கணித மாணவர் அந்தப் புதிய சார்பின் இயல்புகளை நிறுவுவார், விளக்கைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. கணிதப் பௌதிக மாணவருக்கு இரண்டு கவலையும் உண்டு. இந்தச் சமன்பாடு எங்கிருந்து வந்தது, எந்த இடத்தில் தோராயம் செய்தோம், அந்தத் தோராயம் எதுவரை செல்லும் என்று அவர் கேட்டுக்கொண்டே இருப்பார்.

மிருதங்கத்தின் கரணை

இன்னோர் எடுத்துக்காட்டு சொல்கிறேன், இது எனக்கு மிகவும் பிடித்தமானது. வீணைத் தந்தியை மீட்டினால் அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து அதன் 2, 3, 4 மடங்கு அதிர்வெண்களும் ஒலிக்கும். முழு எண் மடங்குகளாக இருப்பதால்தான் அது நம் காதுக்கு இன்பமான ஒலியாகிறது. ஆனால் வட்டமாக இழுத்துக் கட்டிய ஒரு சாதாரணத் தோலைத் தட்டினால் எழும் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14, 2.30 என்ற விகிதத்தில் வரும். இவை முழு எண்கள் அல்ல. அதனால்தான் பொதுவாக முரசு 'தொம்' என்று அதிருமே தவிர சுருதி சேராது. இந்த எண்கள் பெஸ்ஸல் சார்புகள் என்பவற்றின் சுழியிடங்களிலிருந்து வருகின்றன. கணிதப் பௌதிக மாணவர் இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ அவற்றைச் சந்திப்பார்.

மிருதங்கம் மட்டும் எப்படிச் சுருதி சேர்கிறது? அதன் வலந்தலையின் நடுவில் கறுப்பாக ஒட்டியிருக்கும் கரணைதான் காரணம். சர் சி. வி. இராமன் 1920-இல் சிவகாளி குமார் என்பாரோடு சேர்ந்து 'நேச்சர்' இதழில் இதைப் பற்றி எழுதினார். 1934-இல் விரிவான கட்டுரை ஒன்றும் வெளியிட்டார். நடுவில் எடை ஏற்றியதால் தோலின் முதல் ஒன்பது அதிர்வு முறைகள் ஒன்றோடொன்று கூட்டுச் சேர்ந்து, ஏறக்குறைய முழு எண் விகிதத்தில் ஐந்து சுரங்களாக அமைந்துவிடுகின்றன என்று அவர் காட்டினார். கரணையை அடுக்கடுக்காகப் பூசித் தேய்த்துச் சரிபார்க்கும் கைவினைஞர் பெஸ்ஸலின் பெயரைக் கேட்டிருக்க மாட்டார். அவர் செவியால் கண்டதை, ஏன் அப்படி என்று எழுத்தால் காட்டுவது வேறொரு வேலை. இரண்டையும் நான் மதிக்கிறேன்.

மாணவர் கவனிக்க வேண்டியது, தோலின் அதிர்வுக்கு எழுதும் அதே வகைச் சமன்பாடு சிறுசிறு மாற்றங்களோடு இரும்புத் தகட்டில் வெப்பம் பரவுவதற்கும், ஹைட்ரஜன் அணுவில் எலக்ட்ரான் இருக்கும் நிலைகளுக்கும் வருகிறது என்பதை. ஓரிடத்தில் கற்ற கணக்கு ஒன்பது இடத்தில் கைகொடுக்கிறது. இந்தப் படிப்பின் சிக்கனம் இதுதான்.

நான்கு ஆண்டுகளில் என்ன படிப்பார்கள்?

ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் பெயரும் வரிசையும் சற்று மாறும். முதலாண்டில் நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், நியூட்டனின் இயக்கவியல். இரண்டாமாண்டில் வெக்டர் நுண்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள், கலப்பெண் சார்புகள், அலைகள், மேக்ஸ்வெல்லின் மின்காந்தவியல். இதுவரை பெரிய அதிர்ச்சி இராது.

மூன்றாமாண்டில்தான் மாணவருக்குக் கண் திறக்கும், அல்லது கண் கட்டும். நியூட்டன் விசையை வைத்துச் சொன்னதை லக்ராஞ்சியும் ஹாமில்டனும் ஆற்றலை வைத்து வேறு விதமாகச் சொன்னார்கள். அதைப் படித்தபின் குவாண்டம் இயக்கவியலும் புள்ளியியல் இயக்கவியலும் வரும். எமி நோத்தர் என்ற ஜெர்மானிய அம்மையார் 1918-இல் வெளியிட்ட தேற்றமும் இந்தக் கட்டத்தில் வரும். இயற்கையின் விதிகள் நேற்றும் இன்றும் ஒன்றே என்பதால்தான் ஆற்றல் அழிவதில்லை. இங்கும் அங்கும் ஒன்றே என்பதால்தான் உந்தம் மாறுவதில்லை. ஒவ்வொரு சமச்சீருக்கும் ஓர் அழியாப் பொருள் உண்டு என்று அவர் நிறுவினார். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் அவர் பல ஆண்டுகள் சம்பளமில்லாமல், ஹில்பர்ட் என்ற பேராசிரியரின் பெயரில் அறிவிக்கப்பட்ட வகுப்புகளை நடத்தினார். பெண் என்பதே காரணம். பெண்பிள்ளைக்கு இந்தப் படிப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

இறுதியாண்டில் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல், குலக் கோட்பாடு, குவாண்டம் புலக் கோட்பாடு ஆகியவற்றில் சிலவும் ஓர் ஆய்வுப் பணியும் இருக்கும். ஆய்வுக்கூட வேலை சாதாரணப் பௌதிகப் பட்டத்தைவிடக் குறைவு. கணினி நிரல் எழுதும் வேலை அதற்கு ஈடாக வந்துவிடும்.

எங்கே படிக்கலாம் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தப் பெயரிலேயே பட்டம் தருபவை ஸ்காட்லாந்தில் எடின்பரோ, இங்கிலாந்தில் நாட்டிங்காம், கனடாவில் வாட்டர்லூ. ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் அறிவியல் பட்டத்துக்குள் இதை முதன்மைப் பாடமாக எடுக்கலாம். தமிழகத்தில் சென்னைக்கு அருகே சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதக் கழகம் கணிதமும் பௌதிகமும் இணைந்த சிறப்புப் பட்டத்தை நடத்துகிறது. அதற்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு. நம் நாட்டில் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் இங்கே பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகத்திலும் பௌதிகப் பட்டம் படித்துக்கொண்டே, விருப்பப் பாடங்களை இயன்ற அளவு கணிதத் துறைப் பக்கமாகத் தேர்ந்தெடுக்கலாம். பட்டத்தில் அச்சாகும் பெயரைவிட எந்தெந்தப் பாடங்களைப் படித்தார் என்பதே மேற்படிப்புக்குப் போகும்போது முக்கியம். இங்கிலாந்தில் சாதாரண இளங்கலைப் பட்டம் மூன்றாண்டு, ஸ்காட்லாந்தில் நான்காண்டு என்பதைச் செலவுக் கணக்குப் போடும்போது மறந்துவிடக் கூடாது. ஓராண்டுக் கட்டணமும் தங்கும் செலவும் கூடுதலாக வரும்.

தந்தை சொன்னதும் மகன் விரும்பியதும்

பெயர் முக்கியமில்லை என்பதற்குச் சுப்பிரமணியன் சந்திரசேகரின் வாழ்க்கையே சான்று. 1910-இல் பிறந்த அவர், பதினைந்து வயது நிறையுமுன் 1925-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். சிறப்புப் பட்ட வகுப்புக்கு வந்தபோது அவருக்குக் கணிதத்தின்மேல் ஆசை. அரசாங்கக் கணக்குத் துறையில் உயர்பதவியில் இருந்த தந்தையார், மகன் பௌதிகம் எடுத்து ஐ.சி.எஸ். தேர்வு எழுத வேண்டும் என்று விரும்பினார். மகன் தந்தையை எதிர்க்கவில்லை. பெயரைப் பௌதிகத்தில் பதிந்துகொண்டு, கணித வகுப்புகளிலும் போய் உட்கார்ந்தார். அந்தக் காலத்தில் கணிதப் பௌதிகம் என்று ஒரு பட்டம் அங்கே இல்லை. அதை அவரே தமக்கு அமைத்துக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

1928-இல் ஜெர்மானியப் பேரறிஞர் சொம்மர்ஃபெல்டு சென்னைக்கு வந்தார். அவருடைய அணுநூலை முழுக்கப் படித்து முடித்திருந்த சந்திரசேகர், துணிந்து அவரைப் போய்ப் பார்த்தார். அந்த நூல் எழுதப்பட்டபின் பௌதிகமே மாறிவிட்டது என்று சொம்மர்ஃபெல்டு சொல்லிவிட்டார். இளைஞனுக்கு எப்படி இருந்திருக்கும்! ஆனால் பெரியவர் வெறுங்கையோடு அனுப்பவில்லை. உலோகத்தில் எலக்ட்ரான்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதைப் புதிய புள்ளியியல் கொண்டு விளக்கும் தம் கட்டுரையின் அச்சுப்படியைக் கையில் கொடுத்தார். அதைத் தாமே படித்துத் தேர்ந்த சந்திரசேகர், மாணவராக இருக்கும்போதே ஒரு கட்டுரை எழுதினார். அது 1929-இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது.

1930-இல் கேம்பிரிட்ஜ் செல்ல அரசு உபகாரச் சம்பளம் கிடைத்தது. தாயார் சீதாலட்சுமி அம்மாள் நோயுற்றிருந்தார். மகன் போயே ஆக வேண்டும் என்று சொன்னவரும் அவரே. அடுத்த ஆண்டு அவர் காலமானபோது மகன் கடல் கடந்து இருந்தார். இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழில் பெயர்த்த அந்த அம்மையாரைப் பற்றி நம் மலர்களில் யாரும் எழுதுவதில்லை.

1930 ஜூலை 31 அன்று பம்பாயில் கப்பலேறிய சந்திரசேகர், பயணத்தின்போதே ஒரு கணக்கில் ஆழ்ந்தார். எரிந்து ஓய்ந்த விண்மீன் தன் எடையாலேயே நசுங்காமல் நிற்பது, உள்ளே நெருக்குண்ட எலக்ட்ரான்கள் எதிர்த்துத் தள்ளுவதால்தான் என்று ஃபௌலர் என்பார் 1926-இல் காட்டியிருந்தார். எடை கூடக்கூட அந்த எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்குமே, அப்போது ஐன்ஸ்டைனின் சார்பியலையும் சேர்க்க வேண்டாமா என்று இந்த இளைஞர் கேட்டார். சேர்த்தபோது ஓர் எல்லை வந்தது. 1931-இல் அவர் வெளியிட்ட முதல் மதிப்பு சூரிய எடையில் 0.91 மடங்கு. இன்று சொல்லப்படுவது ஏறத்தாழ 1.4 மடங்கு. அதற்கு மேற்பட்டால் விண்மீன் அந்த நிலையில் நிற்காது. தோராயம் எதுவரை செல்லும் என்று கேட்பதுதான் இந்தப் படிப்பு என்று விளக்கை வைத்துச் சொன்னேன் அல்லவா, அதே கேள்விதான் இது.

1935 ஜனவரியில் இலண்டன் வானியல் சங்கக் கூட்டத்தில் எடிங்டன் என்ற புகழ்பெற்ற அறிஞர் இந்த முடிவை எள்ளி நகையாடினார். சந்திரசேகருக்கு நோபல் பரிசு வந்தது 1983-இல். இடையே 48 ஆண்டுகள். எடின்பரோவில் கணிதப் பௌதிக விரிவுரையாளராக இருந்த பீட்டர் ஹிக்ஸ் 1964-இல் ஒரு புதிய துகளைக் கணக்கில் கண்டு எழுதினார். முதலில் அனுப்பிய இதழ் அந்தக் கட்டுரையை ஏற்கவில்லை. ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வு நிலையம் அத்தகைய துகளைக் கண்டதாக அறிவித்தது 2012 ஜூலை 4-ஆம் நாள். அதுவும் 48 ஆண்டுகள். குடமுழுக்குக்குப் பின் 48 நாள் மண்டல பூசை நடத்தும் நமக்கு அந்த எண் பழக்கமானதுதான். இங்கே நாள்களுக்குப் பதில் ஆண்டுகள்.

வேலை கிடைக்குமா?

எல்லாரும் சந்திரசேகர் ஆகப் போவதில்லை. நான்காண்டு முடிந்து வீட்டுக்கு வரும் பிள்ளைக்குச் சோறு போடுமா என்பதுதான் பெற்றோர் கேட்பது. ஓர் அம்மா பூசை முடிந்து என்னிடம் நேராகக் கேட்டார். "சார், டாக்டருக்குப் படிச்சா டாக்டர், லாயருக்குப் படிச்சா லாயர். இதப் படிச்சா எம் பிள்ளைய என்னான்னு கூப்பிடுவாங்க?"

இதைவிடச் சரியாக யாரும் கேட்க முடியாது. "பட்டம் வாங்குன அன்னிக்கு ஒன்னும் கூப்பிட மாட்டாங்கம்மா" என்றுதான் சொன்னேன். இது தொழிற்பட்டம் அன்று. இதைப் படித்தவர் பொறியியலாளர் வாரியத்தில் பதிவு செய்ய முடியாது, அதற்கு அங்கீகாரம் பெற்ற பொறியியல் பட்டம் வேண்டும். அரசுப் பள்ளியில் ஆசிரியராக வேண்டுமானாலும் தனியே ஆசிரியத் தகுதி பெற வேண்டும். இவற்றை மறைத்துப் பிள்ளையை ஊக்கப்படுத்துவது நேர்மையாகாது.

அதே சமயம், இதைப் படித்தவர் கையில் இருப்பது என்ன? பெரிய சிக்கலை எடுத்துச் சமன்பாடாக மாற்றி, கணினியில் தீர்த்து, விடையை நம்பலாமா கூடாதா என்று சொல்லும் பயிற்சி. வங்கி, காப்பீடு, தரவு ஆய்வு, வானிலை, மென்பொருள் என்று பல இடங்களில் அந்தப் பயிற்சிக்கு வேலை உண்டு. மருத்துவமனைகளில் கதிரியக்கச் சிகிச்சைக்கு அளவு கணிக்கும் மருத்துவப் பௌதிகர்கள் மேற்படிப்பின் வழியாக அங்கே போகிறார்கள். நம் பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972-இல் தொடங்கியது. அங்கே செய்யும் சில்லின் உள்ளே எலக்ட்ரான்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதைச் சொல்லும் விதி எது தெரியுமா? சொம்மர்ஃபெல்டு சந்திரசேகர் கையில் கொடுத்த அச்சுப்படியில் இருந்த அதே புள்ளியியல்தான். விண்மீனுக்கும் அதுவே, கைப்பேசிக்கும் அதுவே. இரவு வேலைக்குப் பேருந்தில் போய் அந்தச் சில்லைச் சோதித்து அனுப்பிய நம் பெண்கள் எத்தனை பேர்! அவர்களுடைய மகள் அதன் உள்ளே நடப்பதைப் படிக்க விரும்பினால் "அது நமக்கு எதற்கு" என்று நாம் சொல்லலாமா?

ஆராய்ச்சிக்குப் போக விரும்பினால் ஒரு நல்ல செய்தி. அமெரிக்கா முதலிய நாடுகளில் பௌதிக முனைவர் பட்ட மாணவர்களுக்குப் பெரும்பாலும் கட்டணத்தைப் பல்கலைக்கழகமே ஏற்று, வாழ்க்கைச் செலவுக்கும் பணம் தருகிறது. அப்துஸ் சலாம் 1964-இல் இத்தாலியின் திரியெஸ்த் நகரில் தொடங்கிய பன்னாட்டுக் கோட்பாட்டுப் பௌதிக நிலையம், வளரும் நாடுகளின் பட்டதாரிகளுக்கென ஒரு மேற்பட்டயப் படிப்பை 1991 முதல் நடத்தி வருகிறது. தேர்வானவர்களுக்குச் செலவை நிலையமே ஏற்கிறது. ஆகவே வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்குப் பண நெருக்கடி அதிகம் உள்ள காலம் முதற்பட்டக் காலம்தான். நம்மைப் போன்ற அறநிலையம் உதவ வேண்டியதும் அப்போதுதான். மருத்துவத்துக்கும் சட்டத்துக்கும் கொடுக்க வேறு வாரியங்கள் உண்டு. இதற்குக் கொடுப்பார் குறைவு. என் சக உறுப்பினர்கள் சிலருக்கு இது பிடிக்காது என்று தெரிந்தே எழுதுகிறேன்.

என் ஆலோசனை இது. உபகாரச் சம்பளம் இல்லாமல், வீட்டை அடகு வைத்து, வெளிநாட்டில் இந்தப் பட்டம் படிக்க அனுப்ப வேண்டாம். முதற்பட்டத்தை உள்நாட்டில் முடித்து, நல்ல தேர்ச்சியோடு மேற்படிப்புக்கு வெளியே போவது நடுத்தரக் குடும்பத்துக்குத் தாங்கும் வழி.

யாருக்கு ஏற்றது?

எஸ்.பி.எம். தேர்வில் கூடுதல் கணிதத்தில் சிறப்புத் தேர்ச்சி பெற்றதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. அந்தத் தேர்ச்சியைப் பழைய கேள்வித்தாள்களை மனப்பாடமாகச் செய்தும் டியூஷன் மூலமும் வாங்கிவிடலாம். எஸ்.டி.பி.எம். படிப்பில் கணிதம் டி, பௌதிகம் இரண்டையும் எடுத்து, இரண்டிலும் தாமாகக் கணக்குப் போடுகிறவரா என்று பார்க்க வேண்டும். நான் வகுப்பில் பார்த்தவரை அடையாளம் ஒன்று உண்டு. விடை வந்தபின்னும் நோட்டை மூடாமல், "சார், இந்த வாய்பாடு ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்கும் பிள்ளைக்கு இந்தப் படிப்பு பொருந்தும். விடை வந்ததும் அடுத்த கேள்விக்குப் போகும் பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளைதான். அவருக்குப் பொறியியலோ கணக்கியலோ இன்னும் நன்றாகப் பொருந்தும்.

நம் பிள்ளைகளுக்கு ஒரு கூடுதல் சுமை உண்டு. தமிழ்ப்பள்ளியில் தமிழில் எண்ணக் கற்று, இடைநிலைப்பள்ளியில் மலாயில் தேற்றங்களைப் படித்து, பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கிறார்கள். ஆறாம் படிவக் காலத்திலேயே வாரம் ஒரு பக்கமாவது ஆங்கிலக் கணிதநூலை எடுத்து, வரிக்கு வரி தாமே விளக்கம் எழுதிப் பழகினால் முதலாண்டு மூச்சுத் திணறாது. வாரந்தோறும் கொடுக்கும் பயிற்சித்தாளை இரண்டு நாள் போராடிப் பார்த்துவிட்டுத்தான் நண்பரிடம் கேட்க வேண்டும். பிறர் எழுதிய விடையைப் படித்தால் எல்லாம் புரிந்ததுபோல இருக்கும். கையில் வெறும் தாள் இருக்கும்போதுதான் உண்மை தெரியும். வகுப்பில் முதலாவதாக இருந்தவர் அங்கே போய் நடுவில் நிற்க நேரலாம். பெற்றோர் அப்போது திட்டாமல் இருந்தால் போதும், அதுவே பெரிய உதவி.

கடைசியாக, ஆறாம் படிவ மாணவர்களுக்கு ஒரு கணக்கு. மணியிலிருந்து 3 மீட்டர் நீளமுள்ள கயிறு ஒன்று தரையைத் தொடாமல் தொங்குகிறது. நுனியில் வேறு எடை எதுவும் இல்லை. நுனியைப் பக்கவாட்டில் ஒரு சுண்டு சுண்டினால் அந்த அசைவு கயிற்றின்வழி மேலே ஏறும். மணியை எட்ட எவ்வளவு நேரம் ஆகும்? கயிற்றில் அலையின் வேகம் இழுவிசையைப் பொறுத்தது என்பதைப் பள்ளியில் படித்திருக்கிறீர்கள். ஒவ்வொரு புள்ளியிலும் இழுவிசை, அதற்குக் கீழே தொங்கும் கயிற்றின் எடைதான். ஆகவே அலை மேலே போகப்போக வேகம் கூடும். சாதாரண வகுத்தல் உதவாது, தொகையிட வேண்டும். கயிறு கனமானதா, மெல்லியதா என்று நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை, ஏன் என்பதையும் கண்டுபிடியுங்கள். இதே தொங்கும் கயிற்றின் ஆட்டத்தைத் தானியல் பெர்னூலி 1730-களில் ஆராய்ந்தபோதுதான், பின்னாளில் பெஸ்ஸலின் பெயரைப் பெற்ற, நம் மிருதங்கத் தோலிலும் வருகிற அந்தச் சார்பு முதன்முதலில் தலைகாட்டியது. விடை ஏறத்தாழ 1.1 வினாடி வர வேண்டும். வழியைத் தாளில் எழுதி எடுத்து வாருங்கள். வெள்ளிக்கிழமைகளில் மாலைப் பூசைக்குப் பிறகு ஆலய நூலகத்தில் இருப்பேன்.